மலிவான துண்டும் மங்காத கண்ணாடியும்



கார் என்பது செல்வந்தர் வீட்டு வாசலில் மட்டுமே நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்று தருமபுரியிலும், பாலக்கோட்டிலும், பென்னாகரத்திலும், அரூரிலும் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் ஒரு கார் நிற்பதைக் காண்கிறோம். சிலருக்கு அது வசதி. வேறு சிலருக்கு அதுவே வாழ்வாதாரம். வங்கிக் கடனில் வாங்கி வாடகைக்கு ஓட்டும் சகோதரர் ஒருவருக்கு அந்த வண்டியின் பளபளப்பு வெறும் அழகு அன்று. பயணி நம்பி ஏறி அமர்வதும், நாளை வண்டியை விற்க நேர்ந்தால் கைக்கு வரும் தொகையும் அதனைப் பொறுத்தே அமைகின்றன.

அந்தப் பளபளப்பைக் காப்பதற்கென்று கடைகளில் இப்போது குவிந்து கிடப்பவை மைக்ரோஃபைபர் துண்டுகள். நுண்ணிழைத் துண்டு என்று தமிழில் கூறலாம். விலையோ மிகவும் குறைவு. "இவ்வளவு மலிவான துணியால் காரைத் துடைத்தால் பெயிண்டில் கீறல் விழாதா?" என்று கேட்போர் உண்டு. "துணிதானே, வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் என்ன?" என்று கேட்போரும் உண்டு. இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. மலிவான துண்டு காரைக் கெடுப்பதில்லை. நாம் அதனைப் பயன்படுத்தும் முறையும் துவைக்கும் முறையுமே கெடுக்கின்றன. இம்மாதம் இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இந்தத் துண்டு எதனால் ஆனது?

நம் வீட்டுத் துவாலை பருத்தியால் ஆனது. மைக்ரோஃபைபரோ முழுக்க முழுக்கச் செயற்கை இழை. பாலியெஸ்டரும் நைலான் வகையைச் சேர்ந்த பாலிஅமைடும் கலந்து இழுக்கப்படும் நூல் அது. நூறு பங்கில் எண்பது பங்கு பாலியெஸ்டரும் இருபது பங்கு பாலிஅமைடும் இருப்பது மலிவு வகை. எழுபதுக்கு முப்பது என்றிருப்பது சற்று விலை கூடியது.

அந்த இழையின் மென்மையை இப்படி எண்ணிப் பாருங்கள்: 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை 1 கிராமுக்கும் குறைவாக இருந்தால்தான் அது நுண்ணிழை எனப்படும். இத்தகைய மிக நுண்ணிய இழையை உருவாக்கும் முயற்சியில் பெருவெற்றி கண்டவர் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் பணியாற்றிய மியோஷி ஒகமோட்டோ என்னும் அறிவியலாளர். 1970ஆம் ஆண்டு அவரது ஆய்வின் பயனாக, தோலைப்போன்ற மென்மையுள்ள அல்ட்ராஸ்வேட் என்னும் துணி உருவாயிற்று. ஆடைக்கும் இருக்கைகளுக்கும் என்று தோன்றிய அந்தத் தொழில்நுட்பத்தின் வழித்தோன்றல்தான் இன்று நம் தெருமுனைக் கடையில் தொங்கும் துண்டு.

தரமான துண்டில் ஒவ்வோர் இழையும் மேலும் பல கீற்றுகளாகப் பிளக்கப்பட்டிருக்கும். கீற்றுகளுக்கு இடையிலுள்ள சந்துகளில்தான் நீரும் தூசியும் சென்று தங்குகின்றன. பருத்தித் துணி அழுக்கைப் பெரும்பாலும் ஒதுக்கித் தள்ளுகிறது; நுண்ணிழையோ அழுக்கை உள்ளே வாங்கிப் பிடித்துக்கொள்கிறது. அதன் சிறப்பும் அதுவே, அதன் ஆபத்தும் அதுவே. பிடித்துக்கொண்ட மணலை நாம் துவைத்து வெளியேற்றாவிட்டால், அடுத்த முறை அதே மணலைக் கொண்டுதான் காரைத் தேய்ப்போம்.

வாங்கும்போது உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். இழை பிளக்கப்பட்ட துண்டு, வறண்ட கைத்தோலின் சொரசொரப்பில் மெல்லப் பற்றிக்கொள்ளும். வழுவழுவென்று வழுக்கிச் சென்றால் அது பிளக்கப்படாத இழை. நீரையும் சரியாக உறிஞ்சாது. வீட்டில் பழைய குறுந்தகடு ஏதேனும் இருந்தால் அதன் மினுமினுக்கும் பக்கத்தில் துண்டையும், அதன் ஓரத்தையலையும், விலைச்சீட்டையும் தனித்தனியே தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் கீறுவது துண்டு அன்று. ஓரத்தில் தைத்த முரட்டு நூலும் சீட்டுமே என்பது விளங்கும். சீட்டை வெட்டியெறிந்து, ஓரம் படாமல் மடித்துப் பிடித்தால் மலிவுத் துண்டின் குறைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

காலைத் தூசியும் கையிலுள்ள துணியும்

நம் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வண்டியை எடுக்குமுன், இரவெல்லாம் படிந்த தூசியைப் பனியன் வேஸ்ட்டாலோ பழைய துண்டாலோ உலர்ந்த நிலையிலேயே ஒரு துடை துடைப்பது. "தூசிதானே!" என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் எந்தத் தூசி என்று சிந்திக்க வேண்டாமா?

தருமபுரி மாவட்டம் பாறை நிலம். கிரானைட் வெட்டும் குவாரிகளும், ஜல்லி உடைக்கும் ஆலைகளும், கனரக லாரிகள் ஓயாது ஓடும் சாலைகளும் நிறைந்த மண் இது. கிரானைட்டில் குவார்ட்ஸ் என்னும் கனிமம் அடங்கியிருக்கிறது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. சன்னல் கண்ணாடியின் இடமோ ஏறத்தாழ 5.5 மட்டுமே. கண்ணாடியையே கீறக்கூடிய துகள், காரின் பெயிண்டை விட்டுவைக்குமா?

காரின் நிறத்திற்கு மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு ஒன்று உண்டு. காருக்குப் பளபளப்பைத் தருவது அதுவே. அதன் கனம் பொதுவாக 50 மைக்ரான் அளவிலேயே இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. தினந்தோறும் உலர்ந்த துணியால் தேய்க்கும்போது அந்த மெல்லிய பூச்சின்மீது நுண்ணிய கீறல்களை நாமே வரைகிறோம். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட்டின்மீது சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகத் தெரிவது அதுதான். விலையுயர்ந்த துண்டு இதைத் தடுக்காது. உலர்ந்த தூசியின்மேல் எந்தத் துணியையும் வைத்துத் தேய்க்காமல் இருப்பதே தடுக்கும்.

ஆகவே முறை இதுதான்:

முதலில் நீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள். அடுத்து, இரண்டு வாளிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். ஷாம்பு நீரில் நனைத்த துண்டால் கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கழுவி வாருங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துண்டை வெறும் நீர் வாளியில் நன்கு அலசிய பின்னரே மீண்டும் ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். கடைசியில் நல்ல நீர் ஊற்றிவிட்டு, வேறோர் உலர்ந்த துண்டால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்கத் தேவையே இல்லை.

துண்டை இரண்டு முறை மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்த முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். துண்டு மண்ணில் விழுந்துவிட்டால், உதறிவிட்டு மீண்டும் அதே வேலைக்கு எடுக்காதீர்கள். அது அன்றைக்குச் சக்கரத்திற்கு உரியதாகிவிட்டது.

மலிவு விலையின் உண்மையான பயன் இங்கேதான். விலையுயர்ந்த துண்டு ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதனாலேயே துடைப்பதைவிட, மலிவான துண்டுகள் ஆறேழு வாங்கி வேலைக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதே சிறந்தது. கண்ணாடிக்கு ஒரு நிறம், மேற்பகுதிக்கு ஒரு நிறம், உள்ளே இருக்கைக்கும் டாஷ்போர்டுக்கும் ஒரு நிறம், சக்கரத்திற்கு ஒரு நிறம் என்று முடிவு செய்துகொண்டால் வீட்டில் யார் எடுத்தாலும் தவறு நேராது. சக்கரத்தில் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் படிந்திருக்கும். அந்தத் துண்டு பெயிண்டின் பக்கமே வரலாகாது.

சகோதரிகளின் கவனத்திற்கு

காரைத் துடைப்பவர் யாராயினும், அந்தத் துண்டு கடைசியில் வந்து சேருமிடம் பல வீடுகளில் இல்லத்தரசியின் துவைக்கும் தொட்டியே. ஆண்கள் அதனைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகின்றனர். சாலை அழுக்கும், எண்ணெய்ப் பிசுக்கும், தெருச் சேறும் படிந்த துண்டைத் தொழுகைக்கு உடுத்தும் ஆடைகளோடும் குழந்தைகளின் துணிகளோடும் சேர்த்துத் துவைப்பது எவ்வகையிலும் முறையன்று. ஆடைகளின் தூய்மைக்கும் அது கேடு, துண்டுக்கும் கேடு. லுங்கியிலும் துப்பட்டாவிலும் துவாலையிலும் உதிரும் பஞ்சுத் துகளை நுண்ணிழை கவ்விக்கொள்ளும். அந்தப் பஞ்சு பிறகு கண்ணாடியில் திட்டுத்திட்டாக ஒட்டும். காரின் துண்டுகளுக்கென்று தனி வாளி ஒன்றை வைத்துவிடுங்கள். துடைத்தவரே அலசிப் போட வேண்டும் என்ற வழக்கத்தையும் வீட்டில் கொண்டுவாருங்கள்.

புதிய துண்டை ஒருமுறை துவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். தளர்ந்த நூலும் மிகுதியான சாயமும் அந்த முதல் துவைப்பிலேயே நீங்கிவிடும்.

துவைக்கும்போது தவிர்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, துணிக்கு மணமும் மென்மையும் தருவதற்காகக் கடைசி அலசலில் ஊற்றும் கண்டிஷனர் நீர்மம். அது இழையின்மீது மெழுகுபோன்ற படலமாகப் படிந்து, நீரையும் தூசியையும் வாங்கும் சந்துகளை அடைத்துவிடுகிறது. துண்டு தொடுவதற்கு மெத்தென்று இருக்கும். ஆனால் நீரை உறிஞ்சாது.

இரண்டாவது, ப்ளீச்சிங் பவுடரும் குளோரின் கலந்த வெளுப்பான்களும். நைலான் வகை இழையைக் குளோரின் அரித்துவிடும்.

மூன்றாவது, கடும் வெப்பம். கொதிநீரில் ஊறவைப்பதும் இஸ்திரி போடுவதும் கூடாது. இழையின் நுனிகள் வெப்பத்தால் இறுகி முரடாகிவிட்டால் மீண்டும் மென்மை திரும்பாது. வெதுவெதுப்பான நீர் போதும். இயந்திரமாயின் 40 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

நான்காவது, துவைகல். கல்லில் அடித்துத் துவைத்தால் இழை நைந்துபோவதோடு, கல்லிலுள்ள மணலும் உள்ளே ஏறிவிடும்.

சோப்புக் கட்டியைவிடத் திரவச் சோப்பு நல்லது. அதற்கும் நம் மாவட்டத்தில் தனிக்காரணம் உண்டு. இங்கே பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்புக் கட்டியுடன் சேர்ந்தால் கரையாத வெண்பிசுக்கு உண்டாகும். அலசினாலும் போகாமல் இழைக்குள் தங்கிவிடுவது அந்தப் பிசுக்கே. உங்கள் நீர் எத்தகையது என்பதை வீட்டிலேயே அறியலாம். ஒரு பாட்டிலில் கிணற்று நீரும் மற்றொன்றில் மழைநீரும் சம அளவு எடுத்து, குளியல் சோப்பை ஒரே அளவு சீவிப்போட்டுக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை பொங்கும். கிணற்று நீரில் நுரை குறைந்து தயிர்த்திரைபோல் மிதந்தால் அது கடினநீர்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். தருமபுரி நிலத்தடி நீர் என்றதும் ஃபுளோரைடே நினைவுக்கு வருகிறது. பற்களில் கறையையும் எலும்புகளில் ஊனத்தையும் உண்டாக்கும் அந்தத் தீங்கிலிருந்து மக்களைக் காக்கவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. ஆனால் காரின்மீதும் துண்டின்மீதும் வெண்புள்ளிகளை உண்டாக்குவது ஃபுளோரைடு அன்று, கடினநீரின் உப்புகளே. குடிப்பதற்கென்று குழாய்வழி வரும் காவிரி நீரை, புள்ளி விழாது என்பதற்காகக் காருக்குச் செலவிடுவது பெரும் அநீதி. அதற்குப் பதிலாக மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

திரவச் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் துண்டுகளை அரைமணி நேரம் ஊறவைத்துக் கசக்குங்கள். வாக்ஸ் அல்லது பாலிஷ் படிந்திருந்தால் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகள் உதவும். நுரை நிற்கும்வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். கடினநீராயின் கடைசி அலசலுக்கான ஒரு வாளி நீரில் அரை தம்ளர் வெள்ளை வினிகர் சேருங்கள். படிந்த உப்பு கரைந்துவிடும். வினிகரையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சுவாயு எழும். பெட்ரோலோ டீசலோ எஞ்சின் ஆயிலோ தோய்ந்த துணியைச் சலவை இயந்திரத்தில் போடவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

பிறகு நன்றாக உதறி நிழலில் கொடியில் போடுங்கள். வேலியிலும் மாடிச் சுவரிலும் காயப்போட்டால் முள்ளும் மணலும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுங்கள். டிக்கியில் ஸ்பேனரோடும் ஜாக்கியோடும் திறந்து கிடக்கும் துண்டு, துவைக்காத துண்டுக்குச் சமம்.

துவைத்தது சரியா என்று அறிய ஒரு சொட்டு நீர் போதும். காய்ந்த துண்டின்மேல் விடுங்கள். உடனே உள்ளே இறங்கினால் துண்டு நலமாயுள்ளது. முத்துப்போல் மேலேயே நின்றால் சோப்போ, கண்டிஷனரோ, எண்ணெயோ இன்னும் தங்கியிருக்கிறது. மீண்டும் அலசுங்கள்.

கண்ணாடியில் தெரியும் உயிர்

"இத்தனை கவனம் ஒரு துண்டுக்கா?" என்று தோன்றலாம். தொப்பூர்க் கணவாயை எண்ணிப் பாருங்கள். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மலைச்சரிவில் இறங்கும் இடம் அது. விபத்துகளால் எத்தனையோ இல்லங்களுக்குத் துயரம் தந்த பாதை. சரிவில் பாரமேற்றிய லாரிகளுக்கு இடையே இரவில் வண்டி ஓட்டுபவருக்கு அந்நேரத்தில் கண்ணாடியே கண்.

சோப்பும் கண்டிஷனரும் மிச்சமுள்ள துண்டால் துடைத்த முன்கண்ணாடி, பகலில் சுத்தமாகவே தெரியும். இரவில் எதிர்விளக்கின் ஒளி பட்டதும் அந்த மெல்லிய படலம் ஒளியைச் சிதறடிக்கும். கண்ணாடி முழுவதும் வெண்மூட்டமாகத் தோன்றும் அந்தச் சில நொடிகளில், பின்விளக்கு எரியாமல் முன்னே ஊர்ந்து செல்லும் லாரி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். மழைத்தூறலில் வைப்பரை இயக்கினால் பிசுக்கு மேலும் பரவும். வெளியே மட்டுமன்று, உள்ளேயும் படலம் சேரும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வெளிப்படும் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் படிவதே அதற்குக் காரணம்.

எனவே கண்ணாடிக்குரிய துண்டைத் தனியாகவே துவைத்து, தனியாகவே வையுங்கள். ஒரு துண்டை வெறும் நீரில் நனைத்துப் பிழிந்து முதலில் துடையுங்கள். உலர்ந்த மற்றொன்றால் உடனே முடியுங்கள். வெளிப்புறத்தை மேலிருந்து கீழாகவும், உட்புறத்தை இடமிருந்து வலமாகவும் துடைத்தால், எஞ்சியுள்ள கோடு எப்பக்கத்தில் இருக்கிறது என்பது அதன் திசையிலிருந்தே தெரிந்துவிடும். நெடுந்தூரப் பயணத்திற்கு முந்தைய மாலையில் எதிரே ஒரு விளக்கை ஒளிரவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பாருங்கள். அப்போது தெரியும் மங்கல்தான் கணவாயில் உங்களை எதிர்கொள்ளப்போகும் மங்கல்.

நீரும் நிலமும்

குழாயிலிருந்து நிமிடத்திற்கு 10 லிட்டர் வருவதாகக் கொண்டால், பத்து நிமிடம் திறந்துவிட்டுக் கார் கழுவுபவர் 100 லிட்டர் நீரைத் தெருவில் விடுகிறார். வாளியும் துண்டும் கொண்டு கழுவுபவருக்கு மூன்று நான்கு வாளி நீரே போதும். ஒளூச் செய்யும் நீரையும் வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். கோடையில் குடங்கள் வரிசையில் நிற்கும் ஊர்களில் கார் கழுவுவதற்கும் அந்தப் பாடம் பொருந்தாதா?

மற்றொன்றும் உண்டு. இந்தத் துண்டு பிளாஸ்டிக்கின் உடன்பிறப்பு. துவைக்குந்தோறும் கண்ணுக்குப் புலப்படாத இழைத்துணுக்குகள் நீரில் கலக்கின்றன. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 கிலோ பாலியெஸ்டர் துணியை ஒருமுறை சலவை செய்தால் ஏறத்தாழ 5 லட்சம் இழைத்துணுக்குகள் வெளியேறக்கூடும். ஆகவே ஒரு துண்டு அழுக்கானதும் அதற்கென்று ஒரு துவைப்பு என்றில்லாமல், முதலில் உதறி அலசி வைத்து, சில துண்டுகள் சேர்ந்த பிறகு ஒன்றாகத் துவையுங்கள். அழுக்கு நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், நெருங்கிய நெசவுள்ள பழைய துணி ஒன்றால் வடிகட்டிக் கழிவுநீர்ப் பாதையில் விடுங்கள்.

துண்டுக்கும் முதுமை உண்டு. மேற்பகுதிக்குப் பயன்பட்டது முரடானதும் உள்ளிருக்கைக்கும், பிறகு சக்கரத்திற்கும், கடைசியில் எஞ்சின் பகுதிக்கும் இறங்கி வரட்டும். கீழிறங்கியது மீண்டும் மேலேற வேண்டாம். இந்த ஒழுங்கைப் பின்பற்றினால் மலிவாக வாங்கிய துண்டு ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

உங்கள் இல்லத்தில் வண்டி ஓட்டும் மகனோ, கணவரோ, சகோதரரோ இருப்பின், இந்த வாரமே அவருடைய கண்ணாடித் துண்டை எடுத்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உள்ளே இறங்காவிட்டால், அடுத்த இரவுப் பயணத்திற்குமுன் அதனை அலசிக் காயவைத்து அவர் கையில் கொடுங்கள்.